ஊடக ஆய்வுக்குள் தமிழ் எங்கே?

மார்சிலிங் எம்ஆர்டி நிலையத்துக்கு வடக்கே உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி. அதைத் தாண்டினால் கடற்பாலம். பாலத்தின் மறுமுனையில் ஜொகூர் பாரு. கடப்பிதழ் இல்லாமல் மனிதர் அந்தப் பக்கம் போக முடியாது. வானொலி அலைக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. மலேசிய அரசு வானொலியின் மின்னல் எஃப்எம்மும் தனியார் நிலையமான ராகாவும் சிங்கப்பூரின் வடக்கு வட்டாரங்களுக்குள் சாதாரணமாக வந்துவிடுகின்றன. அங்குள்ள ஒரு தமிழ் வீட்டில் மீடியாகார்ப்பின் ஒலி 96.8 கேட்கும், வசந்தம் தொலைக்காட்சியில் செய்தி ஓடும், மேசையில் தமிழ் முரசு கிடக்கும், கைப்பேசியில் சென்னைத் தொடர் போய்க்கொண்டிருக்கும். மார்சிலிங்கின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம் மூன்று நாடுகளின் தமிழ் ஊடகங்களுக்கு நடுவே வாழ்கிறது.

அந்த வீட்டில் தாத்தா எந்தச் செய்தியை நம்புகிறார்? பேத்தி எதைப் பகிர்கிறாள்? தேர்தல் நேரத்திலும் தொற்றுக் காலத்திலும் இருவர் காதிலும் விழுந்த ஒரே அறிவிப்பை இருவரும் ஒரே விதமாகத்தான் புரிந்துகொண்டார்களா? ஊடக, தொடர்பியல் துறை உருவானதே இத்தகைய கேள்விகளுக்கு விடை தேடத்தான். அத்துறையில் ஆசியாவின் முன்வரிசைக் கல்விக்கூடங்கள் சில இதே தீவில் இருக்கின்றன. அப்படியிருந்தும், தமிழ் ஊடகத்தைத் தம் முதன்மை ஆய்வாக எடுத்துக்கொண்டு இங்கே பேராசிரியராக உயர விரும்பும் இளையருக்குப் பாதை எளிதாக இல்லை. அதற்கான காரணத்தைத் துறையின் வரலாற்றிலும் அதன் வேலை அமைப்பிலும் தேட வேண்டும்.

தொடர்பியல் ஒப்பீட்டளவில் இளைய துறை. வில்பர் ஷ்ராம் 1943இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் வெகுசனத் தொடர்பியலுக்கான முனைவர் பட்டத் திட்டத்தைத் தொடங்கினார். போர்க்காலப் பரப்புரை, வானொலியின் வீச்சு, விளம்பரத்தின் செல்வாக்கு ஆகியவற்றைப் புரிந்துகொள்ளும் அவசரம் அதற்குப் பின்னே இருந்தது. புதிதாக விடுதலை பெற்ற நாடுகளின் வளர்ச்சிக்கு ஊடகம் எப்படித் துணை நிற்கும் என்று விளக்கி அவர் 1964இல் எழுதிய நூல் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் அரசுகளின் சிந்தனையை ஒரு தலைமுறைக் காலம் பாதித்தது. இந்தியத் துணைக்கண்டத்தில் இதழியல் கல்வி ஏறத்தாழ அதே காலத்தில் வந்தது: லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகம் 1941இல் தொடங்கியது, சென்னைப் பல்கலைக்கழகம் 1947இல். ஆனால் அங்கே நோக்கம் நிருபர்களைப் பயிற்றுவிப்பது. ஆராய்ச்சி பின்னால்தான் வந்தது.

சிங்கப்பூர் அதற்கு வேறான வழியில் வந்தது. இங்கே முதலில் அமைந்தது ஆய்வு மையம். பட்டக் கல்வி பிறகு வளர்ந்தது. சிங்கப்பூர் அரசும் ஜெர்மனியின் ஃபிரெட்ரிக் எபர்ட் அறக்கட்டளையும் கைகொடுத்து 1971இல் ஆசிய வெகுசனத் தொடர்பு ஆய்வு, தகவல் மையத்தை இங்கே நிறுவின. அமிக் என்ற சுருக்கப்பெயரில் அது ஆசியா முழுவதும் அறியப்பட்டது. அதன் தொடக்ககாலப் பொதுச் செயலாளர் ஒய்.வி.லட்சுமண ராவ் இந்தியக் கிராமங்கள் இரண்டில் செய்தி எப்படிப் பரவுகிறது, அது வாழ்க்கையை எப்படி மாற்றுகிறது என்று ஆராய்ந்தவர். அந்த ஆய்வு 1966இல் மினசோட்டா பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. அமிக்கின் ‘மீடியா ஏஷியா’ இதழ் 1974இல் தொடங்கியது. ‘ஏஷியன் ஜர்னல் ஆஃப் கம்யூனிகேஷன்’ 1990இல் வந்தது. ஆசிய ஆய்வாளர் தம் கண்டத்தைப் பற்றித் தம் கண்டத்திலிருந்தே எழுத ஓர் இடம் கிடைத்தது.

1992இல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் பள்ளி உருவானது. அதன் முதல் தலைவர் எடி குவோ சமூகவியலாளர். அவர் மொழியையும் ஊடகத்தையும் சேர்த்துப் பார்த்தவர். சிங்கப்பூரின் மொழிச் சூழல் பற்றிய தொகுப்பு நூல் ஒன்றை 1980இல் இன்னொருவருடன் சேர்ந்து பதிப்பித்தார். 1979இல் தொடங்கிய மாண்டரின் பேசுவோம் இயக்கத்தில் ஊடகங்கள் ஆற்றிய பங்கு குறித்து அவர் எழுதிய கட்டுரை 1984இல் துறையின் தலையாய ஆய்விதழான ‘ஜர்னல் ஆஃப் கம்யூனிகேஷன்’ இதழில் வெளிவந்தது. சிங்கப்பூரின் ஒரு மொழியைப் பற்றிய கேள்வி உலக அரங்கில் மதிக்கத்தக்க ஆய்வாக முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. தமிழை ஆய்வது உள்ளூர் அக்கறை மட்டும்தான் என்று சொல்வோருக்கு இந்தக் கட்டுரையைக் காட்டலாம்.

பள்ளிக்கு 2006இல் வீ கிம் வீயின் பெயர் சூட்டப்பட்டது. 1985 முதல் 1993 வரை சிங்கப்பூர் அதிபராக இருந்த அவர், அதற்கு முன்னர் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் செய்தியாளர். இந்தோனேசியாவுடனான மோதல் முடிவுக்கு வந்துகொண்டிருந்த 1966இல் ஜகார்த்தா சென்று சுகார்த்தோவைப் பேட்டி கண்டவர். செய்தியாளர் ஒருவரின் பெயரை ஆய்வுப் பள்ளிக்கு வைத்தது பொருத்தமான செயல். அனைத்துலகத் தொடர்பியல் சங்கம் தன் 2010ஆம் ஆண்டு மாநாட்டைச் சிங்கப்பூரில் நடத்தியது. உலகின் தொடர்பியல் அறிஞர்கள் இங்கே கூடினார்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் தொடர்பு, புதிய ஊடகத் துறை இருக்கிறது. பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் வெகுசனத் தொடர்பியல் பட்டயம் உண்டு. அவற்றில் ஒன்றான ரிபப்ளிக் மார்சிலிங்குக்குப் பக்கத்திலேயே, உட்லண்ட்ஸ் அவென்யூ 9இல் இருக்கிறது. ஆகவே கட்டடம், பணம், ஆய்விதழ், மாணவர் என்று எதற்கும் குறையில்லை.

இனி தமிழின் பக்கம் வருவோம். சிங்கப்பூரில் தமிழ் இதழியலுக்கு வயது ஏறத்தாழ 150. முதல் தமிழ் இதழாகச் சொல்லப்படும் ‘சிங்கை வர்த்தமானி’ 1875இல் வந்தது. அதன் பிரதிகள் கிடைக்கவில்லை. நமக்குக் கிடைத்திருப்பது 1887 முதல் 1890 வரை மகுதூம் சாயபு நடத்திய ‘சிங்கை நேசன்’. கப்பல் வரவு, விலைவாசி, சமயச் சர்ச்சை, நகராட்சி மீதான குறை, வாசகர் கவிதை எல்லாம் கலந்த வார இதழ் அது. தமிழ் முஸ்லிம் வணிகர்களின் அச்சுக்கூடம் சிங்கப்பூர், நாகப்பட்டினம், பினாங்கு ஆகிய துறைமுகங்களை ஒரே வாசகர் வட்டமாகக் கண்ட காலம். எல்லை கடந்த ஊடகம் என்று இன்றைய பாடநூல்கள் புதுமையாகப் பேசுவதை அந்த அச்சுக்கூடம் 19ஆம் நூற்றாண்டிலேயே நடத்திக்காட்டியது.

அதற்குப் பின்னர் வந்தவற்றுள் பெரியது ‘தமிழ் முரசு’. திருவாரூரில் பிறந்து 1924இல் சிங்கப்பூர் வந்த கோ.சாரங்கபாணி, தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் குரலாக அதை 1935 ஜூலை 6ஆம் நாள் தொடங்கினார். விலை ஒரு காசு. வார இதழாகப் பிறந்து நாளிதழாக வளர்ந்தது. சுயமரியாதைக் கருத்துகளைத் தோட்டத் தொழிலாளரிடமும் துறைமுகத் தொழிலாளரிடமும் கொண்டுசென்றது. போருக்குப் பின் மாணவர் மணிமன்றம் என்ற பகுதியின் மூலம் ஒரு தலைமுறை எழுத்தாளர்களை வளர்த்தது. 1952இல் தமிழர் திருநாளை அது முன்னின்று நடத்தியது. குடியுரிமை பெறுமாறு தமிழரைத் தொடர்ந்து வற்புறுத்தியது.

இந்த நாளிதழின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அப்போது சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகம் 1950களில் இந்தியவியல் துறை தொடங்கத் திட்டமிட்டது. ஆலோசனை கூற அழைக்கப்பட்ட வரலாற்றறிஞர் கே.ஏ.நீலகண்ட சாஸ்திரி சமஸ்கிருதத்தை முதன்மைப்படுத்தப் பரிந்துரைத்தார். மலாயாவில் வாழ்ந்த இந்தியரில் மிகப் பெரும்பாலோர் தமிழர். சாரங்கபாணி தமிழ் முரசின் பக்கங்களைப் போராட்டக் களமாக்கினார். தமிழையே துறையின் மொழியாக வைக்கக் கோரினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டினார். தொழிலாளர்கள் தங்களால் இயன்ற சிறு தொகைகளைத் தந்தார்கள். 1956இல் துறை தொடங்கியபோது தமிழ் அங்கே இடம் பிடித்திருந்தது. பின்னர் அத்துறை கோலாலம்பூருக்கு இடம் மாறியது.

ஒரு நாளிதழ் வாசகரைத் திரட்டி, பணம் சேர்த்து, பல்கலைக்கழகத்தின் முடிவையே மாற்றியிருக்கிறது. ஊடகம் பொதுக்கருத்தை எவ்வாறு உருவாக்குகிறது என்பது தொடர்பியலின் மையக் கேள்வி. அதற்கு இந்த வட்டாரத்தில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. செய்தித் தலைப்புகள், ஆசிரியருக்கு வந்த கடிதங்கள், நன்கொடைப் பட்டியல்கள் எல்லாம் அச்சில் இருக்கின்றன. தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி மின்தொகுப்பில் தமிழ் முரசின் பழைய இதழ்களும் சேர்க்கப்பட்டுள்ளன.

இதையெல்லாம் ஆராய்ந்தவர்கள் யார் என்று பார்த்தால் ஓர் உண்மை தெரிகிறது. தமிழ் முஸ்லிம்களின் அச்சுப் பண்பாட்டை ஆழ்ந்து படித்த டோர்ஸ்டன் சாஹர் சமய வரலாற்றாளர். இரு போர்களுக்கு இடைப்பட்ட மலாயாவில் சுயமரியாதை இயக்கத்தைப் பற்றி 2016இல் விரிவான கட்டுரை வெளியிட்ட டாரினி அழகிரிசாமி வரலாற்றுத் துறையினர். ‘கோ. சாரங்கபாணியும் தமிழ் முரசும்’ என்ற நூலைத் தமிழில் எழுதிய பாலபாஸ்கரன் தமிழாய்வாளர். தொடர்பியலின் பெயர்ப்பலகைக்குக் கீழிருந்து வந்தவர் இவர்களில் எவருமில்லை.

இது சிங்கப்பூரின் தனிக்கதையும் அன்று. தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்புக் கருவியாகக் கண்டு 1981இல் நூல் எழுதிய கார்த்திகேசு சிவத்தம்பி யாழ்ப்பாணத்தின் தமிழ்ப் பேராசிரியர். அதே ஆண்டு விடுதலைப் போராட்டக் காலத் தமிழ் நாடகத்தையும் சினிமாவையும் பற்றி ஆங்கிலத்தில் முன்னோடி நூலை வெளியிட்ட சு.தியடோர் பாஸ்கரன் இந்திய அஞ்சல் துறை அதிகாரி. எம்.ஜி.ஆரின் திரைப்பிம்பத்தை 1992இல் அலசிய எம்.எஸ்.எஸ்.பாண்டியன் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர். இந்திய மொழி நாளிதழ்களின் பெருக்கத்தை ஆராய்ந்து 2000இல் நூலாக்கிய ராபின் ஜெஃப்ரி அரசியல் வரலாற்றாளர். தமிழ்நாட்டு நாளிதழ்களுக்கென்றே 1997இல் தனிக் கட்டுரை எழுதியவர். 2008இல் தமிழ்ச் சினிமா பற்றிய கட்டுரைகளைத் தொகுத்த செல்வராஜ் வேலாயுதம் ஆஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழகச் சமூகவியலாளர். தமிழ்நாட்டுச் செய்தி ஊடகத்தையும் நீதிமன்றத்தையும் கூட்டத்தையும் இணைத்து 2023இல் நூல் எழுதிய பிரான்சிஸ் கோடி டொராண்டோவில் மானிடவியலாளர்.

தமிழ் ஊடகத்தைப் பற்றி உலகம் மதிக்கும் நூல்களில் பெரும்பாலானவை தொடர்பியல் துறைக்கு வெளியே இருந்துதான் வந்திருக்கின்றன. அவர்கள் எழுதியது நம் நல்லூழ். ஆனாலும் அவர்களுடைய கேள்விகள் அவரவர் துறையின் கேள்விகள். வரலாற்றாளருக்கு நாளிதழ் சான்றாவணம். மானிடவியலாளருக்கு அது சமூகத்தைக் காண ஒரு வாசல். நாளிதழையே நாளிதழாக, அதன் விற்பனை, விளம்பரம், செய்தி அறை, வாசகர் பழக்கம், நம்பகத்தன்மை ஆகியவற்றோடு படிக்கும் வேலை பெருமளவு மிச்சமிருக்கிறது. வானொலி பற்றியும் தொலைக்காட்சி பற்றியும் மிச்சமிருப்பது இன்னும் அதிகம். 1963 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரில் தொலைக்காட்சி தொடங்கியது. நான்கு மொழிகளில் தமிழும் ஒன்று. அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட தமிழ் நாடகங்களும் செய்தியறிக்கைகளும் நிகழ்ச்சிகளும் அங்கே குவிந்திருக்கின்றன.

ஏன் இந்த இடைவெளி? விடையின் பெரும்பகுதி கல்விப்பணியின் கட்டமைப்பில் இருக்கிறது.

பேராசிரியராக விரும்புபவர் முனைவர் பட்டம் முடிக்க ஏறத்தாழ நான்கு ஆண்டுகள். அதன் பிறகு உதவிப் பேராசிரியர் பதவி கிடைத்தால் அது ஒப்பந்தப் பதவி. சில ஆண்டுகளில் நிரந்தரப் பதவிக்கான மதிப்பீடு வரும். அதில் தேறினால் இணைப் பேராசிரியர், பின்னர் முழுப் பேராசிரியர். தேறாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மதிப்பீட்டில் கற்பித்தலுக்கும் நிர்வாகப் பணிக்கும் இடமுண்டு என்றாலும் எடை கூடியது ஆய்வு வெளியீட்டுக்குத்தான். எந்த ஆய்விதழில் வந்தது, எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள், வெளிநாட்டு அறிஞர்கள் தங்கள் கடிதத்தில் என்ன எழுதினார்கள் என்பவை தீர்மானிக்கின்றன. அந்த ஆய்விதழ்கள் ஆங்கிலத்தில் வருபவை.

தமிழ் முரசை ஆய்பவர் இந்த ஓட்டத்தில் கூடுதல் சுமையோடு ஓடுகிறார். அவர் மூலங்களைப் படித்து, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, சிங்கப்பூர்த் தமிழர் யாரென்று கட்டுரையின் முதல் பக்கங்களில் விளக்கி, அதன் பிறகுதான் தம் கருத்துக்கு வர வேண்டும். நியூயார்க் டைம்ஸையோ எக்ஸ் தளத்தையோ ஆய்பவருக்கு இந்த அறிமுகம் தேவைப்படுவதில்லை. கட்டுரையை மதிப்பிடத் தமிழும் தொடர்பியலும் தெரிந்தவர் உலகில் சிலரே. ‘இதிலிருந்து பொதுக் கோட்பாடு என்ன கிடைக்கிறது?’ என்ற கேள்வி தமிழ்த் தரவைக் கொண்டுவருபவரிடம் மட்டும் உரக்கக் கேட்கப்படுகிறது. இத்தகைய சூழலில் கெட்டிக்கார முனைவர் மாணவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? சமூக ஊடகம், செயற்கை நுண்ணறிவு, பொய்ச்செய்தி என்று உலகம் உடனே புரிந்துகொள்ளும் தலைப்பை ஆங்கிலத் தரவோடு எடுத்துக்கொள்வார். அவரைக் குறை கூற இயலாது. குறை அளவுகோலில் இருக்கிறது.

அந்த அளவுகோலுக்கு அப்பாலும் தடைகள் உண்டு. சிங்கப்பூர் ஊடகத்தைத் தம் வாழ்நாள் ஆய்வாக்கியவர் செரியன் ஜார்ஜ். 1990களில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸில் எழுதினார். ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்று நன்யாங்கில் ஆசிரியரானார். 2000இல் வெளிவந்த ‘தி ஏர்-கண்டிஷன்ட் நேஷன்’ முதல் 2012இன் ‘ஃப்ரீடம் ஃப்ரம் தி பிரெஸ்’ வரை அவருடைய நூல்கள், 1974ஆம் ஆண்டின் செய்தித்தாள், அச்சகச் சட்டத்தின் கீழ் இங்குள்ள ஊடகம் எப்படி இயங்குகிறது என்பதை வெளிப்படையாக ஆராய்ந்தன. 2013இல் அவருக்கு நிரந்தரப் பதவி மறுக்கப்பட்டது. மாணவர்கள் மனு எழுதினார்கள். 2014இல் அவர் ஹாங்காங் பாப்டிஸ்ட் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். மத உணர்வைப் புண்படுத்தியதாகக் கூறிக் கிளப்பப்படும் வெறுப்பு அரசியலை இந்தியா, இந்தோனேசியா, அமெரிக்கா மூன்றிலும் ஒப்பிட்ட ‘ஹேட் ஸ்பின்’ நூலை 2016இல் எம்ஐடி பதிப்பகம் வெளியிட்டது. கேலிச்சித்திரத் தணிக்கையைப் பற்றி சோனி லியூவுடன் சேர்ந்து அவர் எழுதிய நூல் 2021இல் வந்தது. சிங்கப்பூரைப் பற்றிச் சிங்கப்பூரர் எழுதும் ஊடக ஆய்வு வேறு ஊரிலிருந்து வெளிவர நேர்ந்தது. இழப்பு இங்குள்ள மாணவர்களுக்கு.

வேறொரு வகையான முயற்சியையும் சொல்ல வேண்டும். 2012இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்கு வந்து தொடர்பு, புதிய ஊடகத் துறைக்குத் தலைமையேற்ற மோகன் தத்தா, ஆய்வுக்கு உள்ளாகும் மக்களே தங்கள் பிரச்சினையை வரையறுக்க வேண்டும் என்ற அணுகுமுறையை முன்வைத்தவர். அவர் அமைத்த மையம் பங்களாதேஷ் கட்டுமான ஊழியர்களுக்குக் கிடைக்கும் உணவின் தரம் பற்றியும் வீட்டுப் பணிப்பெண்களின் உரிமை பற்றியும் வேலை செய்தது. ஊழியரின் மொழியில் உட்கார்ந்து பேசாமல் அத்தகைய ஆய்வு நடவாது. அவர் 2018இல் நியூசிலாந்தின் மாசி பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோது மையமும் அவரோடு சென்றது.

தமிழ் தெரிந்த தொடர்பியலாளர் இல்லாததால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று கேட்கலாம். 2013 டிசம்பர் 8 இரவை நினைத்துப் பார்க்க வேண்டும். லிட்டில் இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹாம்ப்ஷியர் சாலையும் சந்திக்கும் இடத்தில் தமிழ்நாட்டு ஊழியர் ஒருவர் பேருந்தில் சிக்கி இறந்தார். அதைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. முன்னாள் நீதிபதி ஜி.பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு 2014இல் அறிக்கை தந்தது. மது, விபத்து ஆகியவற்றோடு, மீட்புப் பணியில் என்ன நடக்கிறது என்பது குறித்துக் கூட்டத்தில் எழுந்த தவறான எண்ணங்களும் கோபத்தைக் கிளறின என்று அக்குழு கண்டது. ஒரு தெருமுனையில் செய்தி எப்படிப் பரவியது, எந்தச் சொல் எவர் காதில் எப்படி விழுந்தது, அதிகாரிகள் எந்த மொழியில் பேசினார்கள் என்பவை தொடர்பியல் கேள்விகள். அந்தக் கூட்டத்தின் மொழி தெரியாமல் அவற்றுக்கு விடை காண முடியாது.

2020இல் கொவிட் வந்தது. அப்போது தங்கும் விடுதிகளில் ஏறத்தாழ 3,23,000 வெளிநாட்டு ஊழியர்கள் இருந்தார்கள். அவர்களில் சுமார் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்ததாக அவ்வாண்டு டிசம்பரில் அரசு வெளியிட்ட பரிசோதனை முடிவுகள் காட்டின. தமிழும் வங்காளமும் பேசும் இளைஞர்கள் மாதக்கணக்கில் அறைக்குள் அடைபட்டிருந்தார்கள். தூரத்திலுள்ள குடும்பத்திடம் என்ன சொல்வது, எந்த அறிவிப்பை நம்புவது, ஊரிலிருந்து வரும் வாட்ஸ்அப் குரல்பதிவை என்ன செய்வது என்று தவித்தார்கள். சுகாதாரத் தொடர்பியல் உலகெங்கும் வளர்ந்த துறை. ஆனால் ஆங்கிலத்தில் எழுதிய அறிவிப்பை மொழிபெயர்த்து ஒட்டினால் தொடர்பு நடந்துவிட்டது என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. சொல்லப்பட்டது புரிந்ததா, நம்பப்பட்டதா, அதன்படி நடக்க முடிந்ததா என்று தமிழில் கேட்டறிபவர்கள் நிரந்தரமாகத் தேவை. நெருக்கடி வந்த பிறகு அவர்களைத் தேடினால் கிடைக்கமாட்டார்கள்.

இத்தனை குறைகளுக்கு நடுவிலும் அடித்தளம் போட்டவர்கள் இருக்கிறார்கள். தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளராக இருந்த நா.கோவிந்தசாமி எழுத்தாளர். சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றும் திட்டம் 1995இல் நடந்தபோது தமிழ் எழுத்தை உலாவியில் தோன்றச் செய்யும் பணியில் ஈடுபட்டார். இணையத்தில் தமிழின் தொடக்கப் பக்கங்களில் அதுவும் ஒன்று. அவருடைய கணியன் விசைப்பலகை அந்த உழைப்பில் வளர்ந்தது. 1997 மே மாதம் சிங்கப்பூரில் கூடிய முதல் தமிழ் இணைய மாநாட்டை அவர்தான் முன்னின்று நடத்தினார். 1999இல் மறைந்தார். மொழியாசிரியர் ஒருவர் ஊடகத் தொழில்நுட்பத்தையே மாற்றினார்; அவர் பணியை ஊடக வரலாற்றின் பகுதியாகக் கற்பிப்பதே முறை.

அருண் மகிழ்நன் இன்னொருவர். ஒலிபரப்பில் தொடங்கி, நிறுவனத் தொடர்புப் பணியில் இருந்து, 1990களில் கொள்கை ஆய்வுக் கழகத்துக்கு வந்து ஊடகக் கொள்கை, கலை, பண்பாடு பற்றி ஆராய்ந்தவர். வீ கிம் வீ பள்ளியில் கற்பிக்கவும் செய்தவர். 2000இல் உருவான உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றத்தின் பொறுப்பாளர்களில் ஒருவர். அவர் தலைமையிலான தொண்டூழியர் குழு, விடுதலைக்குப் பிந்தைய ஐம்பதாண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தை மின்மயமாக்கி 2015இல் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைத்தது. தொடர்ந்து நாடகம், இசை, நடனம் ஆகியவற்றையும் சேர்த்தது. நளினா கோபாலுடன் சேர்ந்து 2019இல் தென்கிழக்காசியத் தமிழர் பற்றிய இரு தொகுதி நூலைப் பதிப்பித்தார். சிங்கப்பூர்த் தமிழர் கலைக்களஞ்சியம் 2025இல் இணையத்தில் வந்தபோது அதன் தலைமைப் பதிப்பாசிரியர் அவரே. வழக்கமான பதவிப் படிக்கட்டில் ஏறாமல் ஊடகத்துக்கும் ஆய்வுக்கும் இடையே நடந்த வாழ்க்கை அது. அடுத்த தலைமுறை ஆய்வாளர் வேலை தொடங்குவதற்கான மூலப்பொருள் அதனால் கிடைத்திருக்கிறது.

இனிக் காலம் அதிகம் இல்லை. 2010 கணக்கெடுப்பில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் 3.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றார்கள். 2020இல் அது 2.5 விழுக்காடு. பழைய இதழ்களை இயல்பாகப் படிக்கவும், எழுபதுகளின் வானொலிக் கலைஞர்களிடம் அவர்கள் மொழியில் பேசவும் கூடிய ஆய்வாளர் எண்ணிக்கை தானாகக் கூடப்போவதில்லை. ஒலிபரப்பில் பணியாற்றிய மூத்த தலைமுறை ஒவ்வொருவராக விடைபெற்றுக்கொண்டிருக்கிறது.

செய்ய வேண்டியவை கைக்கெட்டாதவை அல்ல. முனைவர் பட்டக் குழுவில் தமிழ் மூலங்களைப் படிக்கக்கூடிய ஒருவரை, தமிழ்த்துறையிலிருந்தோ வரலாற்றுத் துறையிலிருந்தோ, சேர்த்துக்கொள்ளலாம். தமிழ் ஊடக ஆய்வுக்கென ஓர் உதவிப் பேராசிரியர் இடத்தையோ ஆய்வு நல்கையையோ சமூக அமைப்புகள் நிறுவலாம். 1950களில் தொழிலாளர்கள் செய்ததை இன்றைய வசதியில் செய்வது பெரிய காரியமில்லை. மதிப்பீட்டில், புதிய மொழித் தரவைத் தொகுத்துக் குறிப்புகளோடு வெளியிடும் பணிக்கு மதிப்பெண் தரலாம். இந்த மூன்றில் கடைசிதான் மிகக் கடினம். மற்ற இரண்டும் நிலைக்க அதுவே வேண்டும்.

தொடர்பியல் படிக்கும் தமிழ் மாணவர் மார்சிலிங்கில் ரயிலேறி நியூட்டனில் மாறினால் அடுத்த நிறுத்தம் லிட்டில் இந்தியா. அங்கிருந்து விக்டோரியா தெருவின் தேசிய நூலகம் அதிகத் தொலைவில் இல்லை. 1950களின் தமிழ் முரசை ஒரு மாத அளவுக்கேனும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். இறுதியாண்டு ஆய்வேட்டுக்குத் தலைப்பு அங்கேயே கிடைக்கும். வீட்டில் பழைய இதழ்களோ வானொலி நாடக ஒலிநாடாக்களோ நிகழ்ச்சிக் குறிப்பேடுகளோ வைத்திருப்பவர்கள், வீடு மாறும்போது அவற்றைத் தூக்கிப் போடாமல் தேசிய நூலக வாரியத்திடமோ தேசிய ஆவணக் காப்பகத்திடமோ பேசுங்கள்.